கொல்லிமலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரல் 19, சனி

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது. என் வகுப்பில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருக்கிறார்கள், மீதிப் பேர் தூங்குகிறார்கள். நான் மாவு அரைக்கிறேன்.

அம்மாவுக்கு ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். பாத்ரூமுக்குத் தவிர வேறு எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். "சும்மாவே படுத்துக்கிடந்தா பைத்தியம் பிடிக்குது இலக்கியா. எதையாவது எழுதி எனக்குப் படிச்சுக் காட்டேன்" என்றாள் அம்மா. எழுதுகிறேன். படித்துக் காட்டமாட்டேன்.

சாயந்திரம் அவர் வந்து துணி காயப்போட்டார். அவர் என்றால் நல்லசிவம். திருச்சி ஜங்ஷனில் டிக்கெட் முன்பதிவு கவுண்டரில் இருக்கிறார். அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டு ரெண்டு வருஷம் ஆகிறது. எங்கப்பா காய்ச்சலில் இறந்தபோது எனக்கு ஆறு வயது.

அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிரில் போய் நின்றால் அவரே நிமிர்ந்து பார்ப்பார். வீட்டுக்குள் அது போதும். கடைத்தெருவில்தான் கொஞ்சம் கஷ்டம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வெயில். மத்தியானம் முழுக்க கரண்ட் இல்லை. அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

எதிர்வீட்டு ரேவதி ஆன்ட்டி அம்மாவைப் பார்க்க வந்தார்கள். திரும்பிப் போகும்போது வாசலில் யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு போனார்கள்: "பாவம் அந்த மனுஷன். இத்தனை வயசுக்கு மேல அவருக்குன்னு ஒண்ணு பொறக்கப் போகுது."

அவருக்குன்னு ஒண்ணு. சரிதான். நியாயம்தானே. எனக்கு ஒன்றும் இல்லை.

கதவு அவ்வளவு சத்தமாகச் சாத்திக்கொண்டது காற்றில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பாளையங்கோட்டையிலிருந்து பெரியப்பா பேசினார். அப்பாவின் அண்ணன். அவர் குரல் அப்படியே அப்பா குரல் மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்பா குரல் ஞாபகம் இல்லை. அதனால் பெரியப்பா பேசும்போது கொஞ்சம் கவனமாகக் கேட்பேன்.

"ஏ தாயி, பரீட்சையெல்லாம் நல்லா எழுதியிருக்கியா? பிளஸ் ஒன்னுக்கு இங்க வந்துருதியா? நம்ம தெருமுக்குலதான் ஸ்கூலு. பெரியம்மா உனக்குன்னு மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கணும்னு நிக்கா. அங்க உங்கம்மாவுக்கும் கைக்குழந்தையை வச்சிக்கிட்டு உன்னையும் பாக்கணும்னா செரமம்லா?"

அம்மாவிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "உன் இஷ்டம்டி" என்றாள்.

அடுக்களையில் அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்திச் சத்தம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மறுபடி கேட்டது. வெண்டைக்காய் முற்றலாக இருந்திருக்கும்.

மே 4, ஞாயிறு

இன்றைக்கு அவர் கார் கழுவினார். வெள்ளை மாருதி 800. என்னைவிட வயதில் மூத்தது. அதன் கண்ணாடியைத் துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தால், யாருக்கோ தலைவாரிவிடுகிற மாதிரி இருக்கும்.

திருச்சியில் இந்தப் பழைய மாருதி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது வரிசையாக எங்காவது போய்விட்டுச் சாயந்திரமே திரும்பிவிடுவார்கள். அவர் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பதினெட்டாம் தேதி கொல்லிமலை போறாங்க. காருக்கு ரெண்டு பேர். ஒருத்தர் ஓட்டணும். ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து வழி பார்க்கணும். அன்னிக்கு உங்க சித்தி வந்து அம்மாகூட இருக்கேன்னு சொல்லுது. நீ... உனக்கு..."

ஜன்னல் வழியாக அம்மா கண்ணைக் கண்ணைக் காட்டினாள். "சரி" என்றேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குக் காரில் போனால் ஆகாது. கால் மணி நேரத்தில் வாயில் தண்ணீர் ஊறும். அவர்கள் கல்யாணம் ஆன புதிதில் மூன்று பேரும் வேளாங்கண்ணிக்குப் போனோம். வழி முழுக்க நான் வாயைத் திறக்கவே இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

கோபமும் கொஞ்சம் இருந்தது.

மே 10, சனி

அம்மாவுக்கு ஸ்கேன். அவர் லீவு போட்டுக் காரில் கூட்டிப் போனார். ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று நின்று ஏறினாராம், பின்னால் வந்த ஆட்டோக்காரர்கள் ஆரன் அடித்தே களைத்துப்போனார்களாம். குழந்தை நன்றாக இருக்கிறது. "ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்?" என்று அவர் மூன்று தடவை கேட்டதில் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். "நான்தான் சொல்றேன்ல சார்" என்றாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

தன் குழந்தை என்றால் பயம் இருக்கத்தானே செய்யும்.

மே 16, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. ஐந்நூறுக்கு நானூற்று நாற்பத்தொன்று. அம்மா அழுதாள். அவர், "நல்லா பண்ணியிருக்கே" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார். சாயந்திரம் ரேவதி ஆன்ட்டியின் வீட்டுக்காரர், ஸ்டேஷனில் கவுண்டருக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் லட்டு கொடுத்ததாகச் சொன்னார். வீட்டில் அவர் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

பெரியப்பா போன் பண்ணினார். "ஹெட்மாஸ்டர்ட்ட சொல்லிட்டேன் தாயி. ஜூன் பொறந்ததும் வந்துரு. என்ன?"

"சரி பெரியப்பா" என்றேன்.

இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

இப்போது எழுத முடியவில்லை.

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் மனசு ஒரு இடத்தில் நிற்கும்போல் இருக்கிறது.

சனிக்கிழமையே சித்தி லால்குடியிலிருந்து வந்துவிட்டாள். ஞாயிறு விடிகிற நேரத்தில் அம்மா தலையைத் தூக்கி, "நல்லா வேடிக்கை பார்த்துட்டு வாடி. மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்காதே" என்றாள். காவிரிப் பாலம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் எல்லாரும் கூடினோம். பத்துப் பன்னிரண்டு கார். எல்லாம் மாருதி 800. சிவப்பு, நீலம், ஒன்று கிளிப்பச்சை.

தலைவி ஒரு டீச்சர். பேர் ஃபிலோமினா. ரிட்டையர் ஆன ஹெட்மிஸ்ட்ரஸ். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள், காட்டன் புடவை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ. ஸ்கூல் அசெம்பிளி மாதிரியே நின்றுகொண்டு பேசினார்கள்.

"யாரும் யாரையும் முந்தக் கூடாது. முன்னாடி போற காரும் பின்னாடி வர்ற காரும் எப்பவும் கண்ணுல இருக்கணும். ஒருத்தர் நின்னா எல்லாரும் நிக்கணும். புரிஞ்சுதா?"

பெரியவர்கள் எல்லாரும் "புரிஞ்சுது" என்றார்கள்.

கிளிப்பச்சைக் கார்க்காரர் என்னிடம், "அப்பாவுக்கு வழி சொல்லப் போறியா பாப்பா?" என்று கேட்டார். "ம்" என்றேன். நல்லசிவம் சட்டென்று குனிந்து முன் டயரை அமுக்கிப் பார்த்தார். அது கெட்டியாகத்தான் இருந்தது.

முசிறி வரைக்கும் பக்கத்திலேயே காவிரி வந்தது. வாழைத்தோப்புகள். ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் சமாளித்துக்கொண்டேன். நாமக்கல்லில் டிபன். பொங்கல் சாப்பிட்டது என் தப்பு.

கொல்லிமலை அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு. ஓரத்தில் போர்டு: 1/70. எழுபது வளைவு! வெளியில் பார்க்காமல் மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதுதான் ரொம்பத் தப்பு என்று பிறகு தெரிந்தது. இருபதில் வாயில் தண்ணீர் ஊறியது. முப்பதில் நெற்றி வியர்த்தது. அவர், "காத்து நல்லா இருக்குல்ல?" என்றார். தலையாட்டினேன். முப்பத்திமூன்றில் எல்லாம் வந்துவிட்டது. என் சுடிதாரில், சீட்டில், கியர் கம்பியில், அவர் அவ்வளவு பளபளவென்று வைத்திருந்த டேஷ்போர்டில்.

செத்துப்போகலாம் போல இருந்தது.

அவர் ஓரமாக நிறுத்தி, பின் டயருக்குக் கல் வைத்துவிட்டு, தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். முதலில் என் முகத்தைக் கழுவச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். பிறகு கையில். பிறகு வாய் கொப்பளிக்க.

"காரைத் துடைங்க முதல்ல. காஞ்சா ஒட்டிக்கும்" என்றேன்.

"கார் எங்க போகப் போகுது. நீ கொப்பளி."

தன் துண்டைத் தந்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு சீட்டைத் துடைத்தார். முகம் சுளிக்கவே இல்லை. மேலேயும் கீழேயும் எல்லா வளைவிலும் கிளப் கார்கள் அப்படியே நின்றிருந்தன. எனக்காக மலையே நின்ற மாதிரி இருந்தது.

"கார் ஆகாதா உனக்கு?"

"ஆகாது."

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஆசைப்பட்டுக் கூப்பிட்டீங்க. அதான்."

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நானா? உனக்கு மலைன்னா உசுரு, வீட்டுக்குள்ளயே கிடக்கே, கூட்டிட்டுப் போங்கன்னு உங்கம்மாதான் சொன்னா. எனக்கே இந்த எழுபது வளைவு பயம்தான்."

"எங்கிட்ட அம்மா, அவருக்கு ரொம்ப ஆசை, வேணாம்னு சொல்லிடாதேன்னாங்க."

அவர் சிரித்தார். சத்தமாக. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு வலித்தது.

ஃபிலோமினா டீச்சர் நடந்தே இறங்கி வந்து ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்தார்கள். "மடியைப் பார்த்துக்கிட்டு வந்தியா? அப்படி வந்தா யாருக்கும் பொரட்டும். ரோட்டைப் பாரு. அடுத்து என்ன வருதுன்னு பார்த்து அவருக்குச் சொல்லிக்கிட்டே வா. வயிறு தானா அடங்கும்."

அப்படியே செய்தேன். "பைக் வருது." "சரி." "பஸ், பெரிய பஸ்." "சரி." "ரோட்டுல ஆடு." "சரி." ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னார். ஐம்பதுக்கு மேல் எனக்குக் குமட்டல் இருந்ததே மறந்துவிட்டது. மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறியிருந்தது. கீழே நாங்கள் வந்த ரோடு, யாரோ அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி கிடந்தது.

உச்சியில் சோளக்காடு என்கிற ஊரில் அன்னாசிப்பழம் மிளகாய்ப்பொடி போட்டுச் சாப்பிட்டோம். கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று அவர் தானாகவே பேசினார். இருபது வருஷமாக ஊர் ஊருக்கு டிக்கெட் போட்டுத் தருகிறாராம், அவர் மட்டும் தூர ஊர் எதற்கும் போனதில்லையாம். "எர்ணாகுளம், குவாஹாட்டி, ஜோத்பூர். எல்லா ஊரும் எனக்கு ஸ்க்ரீன்ல எழுத்துதான்" என்றார். நான் பாளையங்கோட்டை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் டீச்சர் விசில் ஊதிவிட்டார்கள்.

மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து போனில் டவரே இல்லை. மலை மேல் செம்மேடு ஊருக்குள் நுழைந்ததும் அவர் சட்டைப் பையில் போன் நடுங்கியது. நிற்கவே இல்லை. சித்தியிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். அவர் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டார். சித்தி கத்தி அழுதது எனக்கே கேட்டது. அம்மாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. நூற்றியெட்டு வந்து தூக்கிக்கொண்டு போனது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். சித்தி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அவர் காரை விட்டு இறங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் ஓடிவந்தார்கள். விஷயம் கேட்டு, "கை இப்படி நடுங்குதே. சாவியைக் கொடுங்க, நான் ஓட்டறேன்" என்றார்கள். அவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். டீச்சர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தார்கள். பிறகு கிளிப்பச்சைக்காரரிடம், அம்மாவின் ரத்த வகையை ஊரில் இருக்கும் கிளப் ஆட்களுக்கெல்லாம் சொல்லச் சொன்னார்கள். "நான் ஒரு வளைவு முன்னாடி போறேன். மேல ஏறி வர்ற வண்டியையெல்லாம் ஒதுங்கச் சொல்றேன். நீங்க நிதானமா வாங்க." என் பக்கம் குனிந்தார்கள். "வரும்போது சொன்னியே, அதே மாதிரி சொல்லு."

இறங்கினோம். டீச்சரின் சிவப்புக் கார் ஒவ்வொரு வளைவாக ஆரன் அடித்துக்கொண்டே போனது. மேலே வந்த வண்டிகள் ஓரம் கட்டி நின்றன. ஒரு பஸ்கூட நின்றது. அவர் கண் ரோட்டில் இருந்தது, ஆனால் பார்க்கிற மாதிரி தெரியவில்லை.

நாற்பத்தைந்து பக்கம் இருக்கும். டீச்சரின் காருக்கும் எங்களுக்கும் நடுவில், ஒரு தோட்டத்துப் பாதையிலிருந்து பலாப்பழம் ஏற்றிய வேன் ரோட்டுக்கு வந்து மேலே ஏற ஆரம்பித்தது. மர இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. "வேன் வருது" என்றேன். பதில் இல்லை. "வேன்" என்றேன். வளைவில் எங்கள் கார் வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. "ஏங்க... இங்க பாருங்க..." அவருக்குக் காது கேட்கவில்லை. கூப்பிட எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

"நல்லசிவம்!" என்று கத்தினேன்.

பிரேக். கார் குலுங்கி நின்றது. வேன்காரர் எங்களுக்கு ஒரு கை தூரத்தில் ஒடித்து, திட்டிக்கொண்டே போனார். பலாப்பழ வாசனை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அவர் காரை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன்.

"பானுன்னு பேரு" என்றார்.

அவருக்கு முன்னால் கல்யாணம் ஆகி அந்த ஆன்ட்டி இறந்துவிட்டார்கள் என்று தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"எட்டாம் மாசம். இதே மாதிரிதான். நான் டூட்டில இருந்தேன். போய்ச் சேர்றதுக்குள்ள..."

"குழந்தை?"

இல்லை என்று தலையாட்டினார்.

"உங்கம்மா சொன்னப்பவே நான் வேணாம்னேன் இலக்கியா. எனக்குப் பயமா இருக்கு, நாம மூணு பேரே போதும்னேன். அவதான் கேக்கல. நமக்கு அப்புறம் இலக்கியாவுக்குன்னு ஒரு கூடப்பொறப்பு வேணும்னா."

இலக்கியாவுக்குன்னு.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தூசி. அப்புறம் திரும்பி அவர் கையைப் பார்த்தேன். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எனக்கும் அம்மா ஒருத்திதான் மிச்சம்.

"நீங்க ஓட்டுங்க. நான் ஒவ்வொண்ணா சொல்றேன். ஆனா நீங்க சரி சொல்லணும். சொல்லலைன்னா நான் கத்துவேன்."

"சரி" என்றார்.

"ஆரன் அடிங்க. வளைவு. இடது பக்கம் ஒட்டி."

"சரி."

"ரோடு காலி. போகலாம்."

"சரி."

கடைசி வளைவு வரைக்கும் அப்படியே. எனக்குக் குமட்டவே இல்லை. நாமக்கல் தாண்டியதும் சித்தி மறுபடி கூப்பிட்டாள். நான்தான் எடுத்தேன். ஆண் குழந்தை, ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அம்மா? அம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். அவரிடம் சொன்னேன். குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா பேசுனாளா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன். "சரி" என்றார். அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பழைய மாருதிகள் நின்றிருந்தன. மலைக்கு வராத கிளப் ஆட்கள். ரெண்டு பேர் ஏற்கனவே ரத்தம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

நேற்றுக் காலையில் அம்மா கண் திறந்தாள். முதலில் என்னைத்தான் விட்டார்கள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. "மலை நல்லா இருந்துச்சாடி?" என்று கேட்டாள். நான் அவள் கால்மாட்டில் தலையை வைத்து அழுதேன் என்று சித்தி எல்லாரிடமும் சொல்கிறாள். கொஞ்சம்தான்.

மே 23, வெள்ளி

அம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தை பெட்டிக்குள்தான் இருக்கிறான். அவரை மட்டும் உள்ளே விடுகிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு விவரம் சொல்கிறார். கை என் சுண்டுவிரல் தடிமன். மூக்கில் குழாய். இன்றைக்குக் கொட்டாவி விட்டான்.

மலையில் நான் கத்தியதை அம்மாவிடம் சொல்லிவிட்டார். "ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவையா கூப்பிட்டா. அதுவும் ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரி முழுப்பேரைச் சொல்லி."

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரும் சிரித்தார்.

மே 26, திங்கள்

துணி துவைத்தேன். காரின் சீட்டு உறையையும் சேர்த்து. வாடை போய்விட்டது.

பெரியப்பா போன் பண்ணும்போது எடுக்கவில்லை. ரெண்டு தடவை.

ஜூன் 1, ஞாயிறு

பெரியப்பாவும் பெரியம்மாவும் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்கள். ஒரு பை நிறைய அல்வா, அம்மாவுக்குப் பூண்டு லேகியம், குழந்தைக்கு வெள்ளைத் துணி. அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில்.

காபி குடித்து முடித்ததும் பெரியப்பா, "துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா தாயி?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நல்லசிவம் காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சரி சொன்னது ரெண்டு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் தட்டைத் தூக்கவில்லை. வைக்கவும் இல்லை.

"பெரியப்பா, நான் வரலை" என்றேன்.

"என்ன தாயி, சரின்னியே?"

"சொன்னேன். தப்புதான். அம்மாவால இப்ப மாவு அரைக்க முடியாது. குழந்தை வேற வந்துடுவான். இங்க நிறைய வேலை இருக்கு."

"மாவு அரைக்கவா புள்ளை இங்க இருக்கப் போறே?" பெரியம்மாவுக்குக் கோபம். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார். என்னையே பார்த்தார். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, கட்டை விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரும் உன்னை இருன்னு சொன்னாங்களா?"

"இல்ல பெரியப்பா. யாரும் சொல்லல."

"நீயாத்தான் சொல்லுதியா?"

"நானாத்தான்."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அவருக்கு என்னிடம் தன் தம்பி தெரிகிறார் என்று எனக்குத் தெரியும். "வெள்ளையடிச்ச ரூமு அப்படியேதான் இருக்கும்" என்றார். "லீவு விட்டா மொத பஸ்ஸுக்கு வந்துரணும். என்ன?" அவர் குரல் அப்படியே காதில் நிற்கிறது. லீவு விட்டதும் போவேன். நிச்சயம் போவேன்.

சாயந்திரம் நல்லசிவம் அவர்களை ஜங்ஷனில் ஏற்றிவிடப் போனார். நானும் போனேன். ரயில் புறப்படும் முன் பெரியப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

திரும்பி வரும்போது மேம்பாலம் ஏறியதும், "மாவு நான் அரைச்சுக்கறேன்" என்றார். "நீ படி."

"சரி" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பழைய ஸ்கூலிலேயே பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டேன். பயாலஜி குரூப். புதுப் புத்தகம் இன்னும் வரவில்லை. குழந்தைக்கு மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அவனைக் கொண்டுவந்தோம். அம்மாவும் அவனும் பின் சீட்டில், நான் முன் சீட்டில். நடந்து போகிறவர்களே எங்களை முந்திவிடுவார்கள் போல அவர் ஓட்டினார். பின்னால் டவுன் பஸ் ஆரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "உள்ள குழந்தை இருக்கு!" என்று கத்தினேன். டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அதற்கப்புறம் ஆரன் அடிக்கவே இல்லை.

வாசலில் ஃபிலோமினா டீச்சர் நின்றிருந்தார்கள். அவனைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "அட்டென்டன்ஸ்ல சீக்கிரமே வந்துட்டான் பயல்" என்றார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்கூலில் இருந்து வந்ததும் கெமிஸ்ட்ரி எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுந்துவிட்டேன். இவன் தூங்குகிறானா, மூச்சு விடுகிறானா என்று பார்ப்பதற்குத்தான். விடுகிறான். நான் விரலை வைத்தால் பிடித்துக்கொள்கிறான், எடுக்கவிடமாட்டேன் என்கிறான். ரேவதி ஆன்ட்டி, "அச்சு அசல் அப்பா" என்றார்கள். அம்மா இல்லை என்றாள். மூக்கு என்னைப் போலவாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன்.

அவர் ராத்திரி டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "பார்த்துக்க" என்றார். அம்மா இப்போதுதான் குளிக்கப் போனாள்.

இதோ, அழ ஆரம்பித்துவிட்டான். நான்தான் போகவேண்டும்.